மூளையின் விந்தைகளும் எழுத்தின் அமானிதமும்

மனித மூளையின் விந்தைகள் படைப்பாளிகளின் கற்பனைக்கு ஊற்றுக்கண்ணாக இருந்து வருவது இன்று நேற்று ஏற்பட்ட வழக்கமன்று. எதையும் மறக்கவியலாத மனிதன், கண் நன்றாகத் தெரிந்தும் மனைவியின் முகத்தை அடையாளம் காணாதவன், நெடுந்துயிலிலிருந்து விழித்துத் தன் முதுமையைக் கண்டு திகைப்பவள், வலிப்புக்கு முந்தைய நொடியில் சொல்லொணாப் பேரின்பத்தை உணர்பவன் ஆகியோர் உலக இலக்கியத்தில் நிலையான இடம் பெற்றுவிட்டனர். கடந்த நூறாண்டுகளில் நரம்பியல் மருத்துவம் பெருவளர்ச்சி கண்டபின், மருத்துவரின் குறிப்பேட்டுக்கும் எழுத்தாளரின் கையெழுத்துப் படிக்கும் இடையிலிருந்த சுவர் மெலிந்துபோயிற்று. மருத்துவர்கள் கதை சொல்லலாயினர். கதைஞர்கள் மருத்துவ நூல்களைப் புரட்டலாயினர்.

இவ்வகை எழுத்துகளைச் சுவைப்பது எளிது. அவற்றை எடைபோடும் அளவுகோல் யாது என்பதே கடினமான வினா. ஒருவருடைய நோய் மற்றவருக்கு வியப்பூட்டும் பண்டமாகும்போது, அந்நோயைச் சுமப்பவருக்கு எழுத்தாளர் செலுத்த வேண்டிய கடன் ஒன்று உண்டா? உண்டெனில், இலக்கியத் திறனாய்வு அதனை எவ்வாறு அளப்பது? இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது இதனையே.

இப்பொருளை மேலை இலக்கியத்திலிருந்து தொடங்குவதே இன்றைய வழக்கமாக உள்ளது. ஆயினும் அறபு, பாரசீக மரபில் இதற்கு நெடிய வரலாறு உண்டு. இப்னு ஸீனா (மறைவு 1037) தம் 'அல்கானூன் ஃபித் திப்' நூலில் 'இஷ்க்' எனும் காதல் நோயை மூளை சார்ந்த நோய்களின் வரிசையில் வைத்துப் பேசுகிறார். நோயாளி தான் விரும்பியவரின் பெயரை மறைப்பாராயின், மருத்துவர் அவரது நாடியில் விரல் வைத்தவாறு பல பெயர்களையும் ஊர்களையும் சொல்லிவர வேண்டும். எங்கே நாடி தடுமாறுகிறதோ அங்கே மறைபொருள் வெளிப்படும் என்பது அவர் காட்டும் வழி. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின்னர் மவ்லானா ரூமி (மறைவு 1273) தம் மஸ்னவியின் முதற்கதையையே இம்மருத்துவ முறையின்மீது எழுப்பினார். அரசன் விரும்பிய அடிமைப்பெண் நோயுறுகிறாள். ஹகீம் அவளது நாடியைப் பற்றியவாறு ஊர்களை ஒவ்வொன்றாக வினவுகிறார். ஸமர்கந்து என்றதும் நாடி துள்ளுகிறது. அவ்வூர்ப் பொற்கொல்லன் ஒருவன்மீது அவள் கொண்ட காதல் புலனாகிறது.

இக்கதையில் நம் கவனத்திற்குரிய சிறு செய்தி ஒன்று உண்டு. நாடியைத் தொடுமுன் ஹகீம் அரசனிடம் வீட்டை வெறுமையாக்கித் தருமாறு கேட்கிறார். அரசனும் இருக்கலாகாது, பணியாளரும் இருக்கலாகாது. நோயாளியின் உள்ளம் திறக்கும் இடத்தில் வேடிக்கை பார்ப்போருக்கு இடமில்லை என்பது இதன் பொருள். ஆயினும் அவ்விரகசியம் பின்னர் அரசன் செவியை எட்டுகிறது. பொற்கொல்லன் நஞ்சூட்டிக் கொல்லப்படுகிறான். இக்கொலைக்கு ரூமி நீண்ட சமாதானம் கூறவேண்டியதாயிற்று. ஞானப் பொருளில் அதற்கு விளக்கங்கள் பல உண்டு. கதை என்ற அளவில் நாம் காண்பது, நோயாளியிடமிருந்து பெறப்பட்ட உண்மை அறைக்கு வெளியே சென்றதும் ஓர் உயிரைக் காவு கொண்டது என்பதாகும்.

நிஜாமி அரூஸி 12ஆம் நூற்றாண்டில் இயற்றிய 'சஹார் மகாலா'வில் இப்னு ஸீனாவைப் பற்றிய மற்றொரு கதை வருகிறது. புவைஹ் அரச குலத்து இளைஞன் ஒருவன் தன்னைப் பசு என்று நம்பி, தன்னை அறுத்து உணவாக்குமாறு கதறி, உண்ண மறுத்துவந்தான். இப்னு ஸீனா கசாப்புக்காரராகக் கத்தியுடன் வந்து, அவனைக் கீழே கிடத்தி, விலாவைத் தடவிப் பார்த்து, இப்பசு மிகவும் மெலிந்துள்ளது, தீனி போட்டுக் கொழுக்கவைத்த பின்னரே அறுக்க முடியும் என்று கூறிச் சென்றார். அன்று முதல் அவன் உண்ணத் தொடங்கினான், உணவோடு மருந்தும் கலந்து கொடுக்கப்பட்டது, நலமடைந்தான். இது வரலாறா, புனைவா என்பது இங்கு நம் வினாவன்று. மருத்துவர் அவனது மயக்கத்தை எள்ளவில்லை. அதனுள் நுழைந்து அதன் மொழியிலேயே பேசுகிறார் என்பதே கருதத்தக்கது. அபுல் காஸிம் அந்நைஸாபூரி (மறைவு ஹிஜ்ரி 406) 'உகலாவுல் மஜானீன்' எனத் தம் நூலுக்குப் பெயரிட்டார். பித்தர்களிடையே அறிவாளிகள் என்பது இப்பெயரின் கருத்து. பித்தர் எனப்பட்டோரின் சொற்களை நகைப்புக்காக மட்டுமின்றிப் படிப்பினைக்காகவும் தொகுத்த நூல் அது. இம்மரபைக் கையில் வைத்துக்கொண்டே நாம் இக்கால எழுத்துகளை அணுகுவோம்.

முதலில் நினைவை எடுத்துக்கொள்வோம். அர்ஜென்டினாவின் போர்ஹேஸ் 1942இல் வெளியிட்ட 'ஃபூனெஸ்' கதை இவ்வகையின் சிகரம். உருகுவே நாட்டுச் சிற்றூர் இளைஞன் இரேனியோ ஃபூனெஸ் குதிரையிலிருந்து விழுந்து முடமாகிறான். அதன்பின் அவனால் எதையும் மறக்க இயலவில்லை. ஒரு மரத்தின் ஒவ்வோர் இலையும், அதனைப் பார்த்த ஒவ்வொரு முறையும் அவன் நினைவில் தனித்தனியே நிற்கிறது. ஒரு நாளை நினைவுகூர அவனுக்கு ஒரு முழு நாள் தேவைப்படுகிறது. ஒரு மணித்துளியில் பக்கவாட்டில் கண்ட நாயும், அடுத்த மணித்துளியில் முன்புறமாகக் கண்ட நாயும் எவ்வாறு 'நாய்' எனும் ஒரே பெயரைப் பெறலாம் என்பது அவனுக்கு விளங்கவில்லை. சிந்திப்பது என்பதே வேறுபாடுகளை மறந்து பொதுமையைக் காண்பது. ஆகவே ஃபூனெஸ் சிந்திக்க வல்லவனல்லன் என்று கதைசொல்லி ஐயுறுகிறான். இக்கதை உறக்கமின்மையைக் குறித்த நெடிய உருவகம் என்று போர்ஹேஸே கூறியுள்ளார். மருத்துவ நூலைப் பார்த்து அவர் எழுதவில்லை. உறங்காத தம் இரவுகளிலிருந்து எழுதினார்.

26 ஆண்டுகள் கழித்து, 1968இல், சோவியத் நரம்பு உளவியலாளர் அலெக்சாந்தர் லூரியா (1902–1977) பெருநினைவாளர் ஒருவரைப் பற்றிச் சிறுநூலொன்றை வெளியிட்டார். சொலமோன் ஷெரஷெவ்ஸ்கி எனும் அம்மனிதர் மாஸ்கோவில் செய்தியாளராக இருந்தவர். ஆசிரியர் தரும் நீண்ட கட்டளைகளை அவர் குறித்துக்கொள்வதில்லை என்பது கண்டு, அவரது ஆசிரியரே அவரை உளவியலாளரிடம் அனுப்பினார். லூரியா ஏறத்தாழ முப்பதாண்டுகள் அவரை ஆராய்ந்தார். ஒலி அவருக்கு நிறமாகத் தோன்றும். எண்கள் உருவம் கொண்டு நிற்கும். அவருடைய இடர் நினைப்பதில் இல்லை, மறப்பதிலேயே இருந்தது. மறக்க விரும்பியவற்றைத் தாளில் எழுதினார். பின்னர் அத்தாளை எரித்தும் பார்த்தார். கருகிய தாளிலும் எழுத்துகள் அவர் கண்ணுக்குத் தெரிந்தன. மனிதமுகம் நொடிக்கு நொடி மாறுவதால் முகங்களை நினைவிற்கொள்வதும் அவருக்குக் கடினமாயிற்று.

லூரியா கூறும் மற்றொரு செய்தி நம்மைப் போன்று பலாகத் கற்பிப்போருக்கு இன்றியமையாதது. ஷெரஷெவ்ஸ்கிக்குக் கவிதை விளங்குவதில்லை. ஒவ்வொரு சொல்லும் ஓர் உருவத்தை எழுப்ப, அவ்வுருவங்கள் ஒன்றையொன்று முட்டிமோதிப் பொருளை மறைத்துவிடும். அப்துல் காஹிர் அல்ஜுர்ஜானி (மறைவு ஹிஜ்ரி 471) 'தலாயிலுல் இஃஜாஸ்' நூலில் 'மஅனா', 'மஅனல் மஅனா' என இரு படிகளை வகுத்தார். முதலாவது சொல் தரும் பொருள். இரண்டாவது அப்பொருள் தரும் பொருள். 'சாம்பல் மிகுந்தவர்' என்று அறபியர் ஒருவரைச் சொன்னால், அவர் வீட்டில் அடுப்பு ஓயாமல் எரிகிறது, விருந்தினர் ஓயாமல் வருகின்றனர், ஆகவே அவர் கொடையாளர் என்று கேட்பவர் உணர்ந்துகொள்வார். கொடையை அடைய வேண்டுமாயின் சாம்பலைக் கண்ணிலிருந்து அகற்றியாக வேண்டும். ஷெரஷெவ்ஸ்கிக்கு அது இயலாது. அவர் சாம்பலையே பார்த்துக்கொண்டிருந்திருப்பார் என்று நாம் ஊகிக்கலாம். ஜுர்ஜானி இலக்கணமாக வகுத்ததற்கு, ஒரு மனிதரின் மூளை ஒன்பது நூற்றாண்டுகளுக்குப் பின்னர் எதிர்மறைச் சான்றாக வந்து நின்றது.

இன்ஸான் எனும் சொல் எதனின்று பிறந்தது என்பதில் பஸராவாருக்கும் கூஃபாவாருக்கும் கருத்து வேறுபாடு இருந்ததை நம் வாசகர் அறிவர். 'உன்ஸ்' எனும் இணக்கத்திலிருந்து பிறந்தது என்பர் முன்னவர். 'நிஸ்யான்' எனும் மறதியிலிருந்து என்பர் பின்னவர். மறதியை நாம் குறையாகவே கருதிப் பழகியுள்ளோம். கவிதை இயற்ற அனுமதி கேட்ட அபூ நுவாஸிடம் கலஃபுல் அஹ்மர், பழம்பாடல்கள் ஆயிரத்தை மனனம் செய்யுமாறும், செய்து முடித்தபின் அவற்றை மறந்துவிட்டு வருமாறும் பணித்தார் என்று இலக்கிய வரலாற்று நூல்கள் கூறும். மனனத்தைப் போற்றும் சமுதாயமே மறதியையும் கவிஞனுக்கு நிபந்தனையாக்கியது. நரம்பியலும் இன்று இதனை ஒட்டியே பேசுகிறது. அர்ஜென்டினாவில் பிறந்த கியான் கிரோகாவும் அவர்தம் குழுவினரும், ஒரே மனிதரின் வெவ்வேறு படங்களுக்கும், எழுதப்பட்ட அவரது பெயருக்கும் கூடக் கிளர்வுறும் நரம்பணுக்களை 2005இல் விவரித்தனர். அவ்வணுக்கள் வேறுபாட்டை விலக்கிக் கருத்தை மட்டும் பற்றுகின்றன. அவ்வறிஞரே 2012இல் போர்ஹேஸையும் நினைவையும் குறித்து ஒரு நூல் எழுதினார். ஆய்வகத்திற்கு முன்னரே கதை அவ்விடத்தை எட்டியிருந்தது.

போர்ஹேஸின் கதை எவரையும் புண்படுத்தவில்லை. ஏனெனில் ஃபூனெஸ் எனும் நோயாளி உலகில் இல்லை. லூரியாவின் நூலில் நோயாளி உண்மை மனிதர். அங்கு ஆசிரியர் அவரைப் பெயரின் முதலெழுத்தால் மட்டுமே சுட்டி, அவரது சொற்களுக்கு இடம்விட்டு, தாம் பின்னே நிற்கிறார். இவ்விரு நேர்மைகளும் வெவ்வேறானவை. கதைஞர் பொய்யைப் பொய்யென அறிவித்துச் சொல்கிறார். மருத்துவர் மெய்யை மெய்யென உறுதியளித்துச் சொல்கிறார். இவ்விரண்டும் கலக்கும் இடத்தில்தான் இடர் தொடங்குகிறது.

அவ்விடத்தில் நிற்பவர் ஆலிவர் சாக்ஸ் (1933–2015). லூரியாவைத் தம் முன்னோடியாகக் கொண்டவர். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி மருத்துவமனையில், 1910களிலும் 1920களிலும் பரவிய உறக்க மூளையழற்சியால் பல்லாண்டுகள் உறைந்து கிடந்தோருக்கு 1969இல் எல்-டோபா எனும் மருந்தை அளித்து, அவர்கள் விழித்தெழுந்ததையும், பலர் மீண்டும் துன்பத்தில் வீழ்ந்ததையும் 'விழிப்புகள்' எனும் நூலாக 1973இல் எழுதினார். 1985இல் வெளிவந்த 'மனைவியைத் தொப்பியென எண்ணிய மனிதர்' அவரை உலகறியச் செய்தது. அந்நூலின் தலைப்புக் கட்டுரையில் வரும் இசையாசிரியர் பார்வை குன்றாமலே முகங்களை அறியும் திறனை இழந்தவர். எழுந்து செல்லும்போது தொப்பி என்று கருதி மனைவியின் தலையைப் பற்றுகிறார். உடுப்பதையும் உண்பதையும் பாடிக்கொண்டே செய்வதால் அவரால் நாளை நகர்த்த முடிகிறது. இழந்ததைக் கணக்கிடுவதோடு நில்லாமல், எஞ்சியிருப்பது யாது என்று தேடியது சாக்ஸ் எழுத்தின் பெருஞ்சிறப்பு. அதனை நாம் தயக்கமின்றிப் பாராட்டுகிறோம்.

ஆனால் அவர்மீது இரு குற்றச்சாட்டுகள் உண்டு. முதலாவது, உடற்குறையுடையோரின் உரிமைகளை ஆராய்வோரிடமிருந்து வந்தது. தொப்பி எனும் தலைப்பையே திருப்பி, சாக்ஸ் தம் நோயாளிகளைத் தம் இலக்கிய வாழ்வுக்கான மூலதனமாக எண்ணிவிட்டார் என்று பிரிட்டானிய அறிஞர் டாம் ஷேக்ஸ்பியர் கடிந்தார். இரண்டாவது, அண்மையது, இன்னும் கடுமையானது. நியூயார்க்கர் இதழ் 2025 டிசம்பரில் வெளியிட்ட நீண்ட கட்டுரை, சாக்ஸின் நாட்குறிப்புகளை ஆராய்ந்து, நோயாளிகள் சிலரின் கதைகளில் தாமே புனைந்தவற்றையும் தம் சொந்த உணர்வுகளையும் அவர் ஏற்றியிருந்தார் என்பதையும், அதுகுறித்துத் தமக்குள் குற்றவுணர்வு கொண்டிருந்தார் என்பதையும் வெளிக்கொணர்ந்தது.

இதில் என்ன குறை, எழுத்து அழகாகத்தானே இருக்கிறது என்று கூறுவோர் உளர். ஹதீஸ் கலை பயின்றோர் இவ்விடையை ஏற்கவியலாது. மக்களை நன்மையின்பால் ஈர்க்கவே புனைந்தோம் என்று கூறியோரின் அறிவிப்புகளையும் நம் முஹத்திஸ்கள் தள்ளினர். நோக்கம் நல்லது என்பது அறிவிப்பை உண்மையாக்கிவிடாது என்பதே அவர்கள் வகுத்த நெறி. மருத்துவக் குறிப்பும் ஓர் அறிவிப்பே. அதில் பேசும் நோயாளி தமக்காகச் சாட்சி சொல்ல வரப்போவதில்லை. எனவே அங்கு சேர்க்கப்படும் ஒவ்வொரு சொல்லும் அவர் வாயில் திணிக்கப்பட்ட சொல்லாகிறது. இதே பொருளை நாடகமாக்கிய ஹெரால்ட் பின்டர்மீது இக்குற்றம் சாராது. 'விழிப்புகள்' நூலின் தூண்டுதலால் அவர் 1982இல் எழுதிய சிறு நாடகத்தில் டெபோரா எனும் பெண் 29 ஆண்டுகள் கழித்து விழிக்கிறாள். உடல் நடுவயதுப் பெண்ணுடையது. பேச்சோ பதினாறு வயதுச் சிறுமியுடையது. அவளுக்குச் செய்தி சொல்ல மருத்துவர் படும் பாட்டில் மருத்துவத்தின் இயலாமை முழுவதும் வெளிப்படுகிறது. புனைவு எனும் அறிவிப்போடு வந்ததால் அது எந்த நோயாளியின் பெயரிலும் பொய்யுரைக்கவில்லை.

இனி நம் வாசகருக்கு மிக நெருக்கமான பகுதிக்கு வருகிறோம். ரஷ்யப் பேராசான் தாஸ்தயேவ்ஸ்கி (1821–1881) வலிப்பு நோயுடன் வாழ்ந்தவர். 1868–69இல் வெளிவந்த 'அசடன்' நாவலின் நாயகன் மிஷ்கினுக்கு அந்நோயை அளித்து, வலிப்புக்கு முந்தைய நொடியில் தோன்றும் பேரொளியையும் பேரமைதியையும் எழுதினார். அவ்வர்ணனை பிற்கால மருத்துவர்களுக்குச் சான்றாவணமாயிற்று. ஐரோப்பிய ஆய்வாளர்கள் 2013இல் மூளையின் இன்சுலா எனும் பகுதியின் முன்புறத்தை மின்துடிப்பால் தூண்டியபோது, நோயாளி ஒருவரிடம் இத்தகைய பரவச உணர்வு எழுந்ததைப் பதிவு செய்தனர்.

அந்நாவலில் மிஷ்கின், தம் பரவச நொடியை விளக்க நபிகள் நாயகம் (ஸல்) அவர்களைத் துணைக்கு அழைக்கிறான். கவிழ்ந்த குவளையின் நீர் சிந்தி முடிவதற்குள் விண்ணகங்களைக் கண்டு மீண்டதாகிய மிஃராஜ் வழக்காறு அவன் வாயில் வலிப்பின் நொடியாக உருமாறுகிறது. அடுத்து எழுதிய 'அசுரர்கள்' நாவலிலும் தாஸ்தயேவ்ஸ்கி இக்குறிப்பைத் திரும்பக் கொண்டுவந்தார். அவரது நோக்கம் இழித்துரைப்பதன்று. தம் துன்பத்தை மேன்மையானதொன்றோடு இணைத்துக்கொள்வதே என்பதை நேர்மையுடன் ஒப்ப வேண்டும். எனினும் அவர் எடுத்தாண்ட கூற்று, 9ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய பைசாந்திய வரலாற்றாசிரியர் தியோஃபனேஸ் பரப்பிய பழங்கதை. இஸ்லாத்தின்பால் சார்பு இல்லாத கிப்பனே 18ஆம் நூற்றாண்டில் இதனைக் கிரேக்கர்களின் அடிப்படையற்ற அவதூறு என்று ஒதுக்கினார். வஹீ வரும்போது குளிர்நாளிலும் நெற்றி வியர்த்ததை அன்னை ஆயிஷா (ரலி) அறிவித்துள்ளார்கள். மணியோசை போன்று வருவதும், அந்நிலை நீங்கும்போது சொல்லப்பட்டது மனத்தில் பதிந்திருப்பதும் நபியவர்களே கூறியவை. நினைவு தடுமாறி, நடந்ததை அறியாது எழும் பெருவலிப்பின் இயல்புக்கு இது மாறானது.

ஆனால் இதற்கு மறுப்புரைக்கும் நம்மவர் பலர் வேறொரு தவறில் வீழ்கின்றனர். வலிப்பு என்பதே ஓர் இழிவு என்பதுபோலவும், அச்சொல்லைக் கேட்டாலே காதைப் பொத்திக்கொள்ள வேண்டும் என்பதுபோலவும் அவர்கள் எழுதுகின்றனர். உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வலிப்பு நோயுடன் வாழ்வதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அவர்களுள் நம் பிள்ளைகளும் உளர். அக்கூற்று வரலாற்றுக்குப் புறம்பானது என்பதால் நாம் அதனை மறுக்கிறோம். நோய் இழிவானது என்பதற்காக மறுப்போமாயின், ஓர் அவதூறைத் துடைக்கக் கோடி மக்களைத் துணியாகப் பயன்படுத்தியவர்களாவோம்.

தாஸ்தயேவ்ஸ்கியின் நோய் அவரது கலையை விளக்கிவிடுகிறது என்போருக்கும் இவ்விடத்தில் விடை உண்டு. 5 கோடிப் பேருக்கு உள்ள நோய் 'அசடன்' போன்ற நாவலை எழுதிவிடாது. மின்துடிப்பு பரவசத்தை எழுப்பலாம், மிஷ்கினை எழுப்பாது. அவர் அந்நோயை எவ்வாறு கையாண்டார் என்பதே கலை. 1878இல் அவருடைய மூன்று வயது நிரம்பாத மகன் அல்யோஷா வலிப்பு கண்டு இறந்தான். அடுத்து எழுதிய 'கரமாசவ் சகோதரர்கள்' நாவலில் நற்பண்புடைய இளைஞனுக்கு மகனின் பெயரைச் சூட்டினார். மகனைக் கொன்ற நோயையோ கொலைகாரன் ஸ்மெர்தியகோவிற்கு அளித்தார். மிஷ்கினிடம் தூய்மையோடு நின்ற நோய் இங்கு வஞ்சகத்தோடு நிற்கிறது. நோய் ஒருவனை வலியாக்குவதும் இல்லை, ஷைத்தானாக்குவதும் இல்லை என்பதை இதைவிடத் தெளிவாக உரைத்தவர் அரியர்.

நாம் தேடிய அளவுகோல் ஸஹீஹுல் புகாரியில் உள்ள ஓர் அறிவிப்பில் கிடைக்கிறது. இப்னு அப்பாஸ் (ரலி) தம் மாணவர் அதாவிடம் ஒரு கறுப்பினப் பெண்மணியைச் சுட்டிக்காட்டி, அவர் சுவனத்திற்குரியவர் என்கிறார்கள். அப்பெண்மணி நபியவர்களிடம் வந்து, தமக்கு வலிப்பு வருவதாகவும், அப்போது தம் ஆடை விலகிவிடுவதாகவும் கூறி, துஆச் செய்ய வேண்டினார். பொறுமை காத்தால் சுவனம், விரும்பினால் நலத்திற்கு துஆ என்று நபியவர்கள் தேர்வை அவரிடமே விட்டார்கள். அவர் பொறுமையைத் தேர்ந்தார். ஆனால் ஆடை விலகாதிருக்க மட்டும் துஆச் செய்யக் கோரினார். அவ்வாறே நபியவர்கள் துஆச் செய்தார்கள்.

நோயைத் தாங்க அவர் ஆயத்தமாக இருந்தார். பிறர் கண்முன் வெளிப்பட்டுப்போவதைத் தாங்க ஆயத்தமாக இல்லை. நோயாளியின் முதற்கவலை எது என்பதை மருத்துவரோ எழுத்தாளரோ தீர்மானிக்க முடியாது. அதனை அவரே சொல்ல வேண்டும் என்பது இவ்வறிவிப்பில் அடங்கியுள்ள பாடம். மூளையின் விந்தையைப் பொருளாகக் கொண்ட எந்த எழுத்தையும் நாம் இவ்வாறு வினவலாம்: இது அம்மனிதரின் ஆடையை விலக்குகிறதா, போர்த்துகிறதா? போர்த்துவது என்றால் மறைத்துவிடுவதன்று. அப்பெண்மணியின் நோய் அறிவிப்பில் மறைக்கப்படவில்லை. பதினான்கு நூற்றாண்டுகளாக நாம் அதனை ஓதி வருகிறோம். அவருடைய கண்ணியம் நோயைவிடப் பெரிதாக அதில் நிற்கிறது.

நோயாளியே எழுதுகோலைப் பிடிக்கும்போது என்ன நிகழ்கிறது என்பதற்கு இரு சான்றுகள் காட்டுவோம். 1943இல் ஸ்மோலென்ஸ்க் போர்முனையில் தலையில் குண்டு பாய்ந்த ஸஸெத்ஸ்கி எனும் இளைஞர் படிக்கும் ஆற்றலை இழந்தார். உலகமே அவருக்குத் துண்டு துண்டாகச் சிதறித் தோன்றிற்று. கையைத் தூக்காமல் தொடர்ந்து ஓட்டினால் எழுத மட்டும் அவரால் முடிந்தது. எழுதியதைப் படிக்க முடியவில்லை. ஒரு நாளில் சில வரிகளாக, ஏறத்தாழ 25 ஆண்டுகளில் 3000 பக்கங்கள் எழுதினார். லூரியா 1971இல் அவற்றைத் தம் விளக்கத்துடன் வெளியிட்டு, ஆசிரியர் ஸஸெத்ஸ்கியே என்று ஒதுங்கிக்கொண்டார். மற்றொருவர் வைக்கம் முகம்மது பஷீர் (1908–1994). 'பாத்துமாவின் ஆடு' நாவலை அவர் 1954இல் திருச்சூரில் மனநோய்க்குச் சிகிச்சை பெற்றபோது எழுதினார். எழுதியதைத் திரும்பத் திரும்பச் செப்பனிடும் வழக்கமுடைய அவர், இதனைத் திருத்தாமலே 1959இல் வெளியிட்டார். அந்நாவலில் பித்து ஒரு காட்சிப்பொருளாக வரவில்லை. தாயும் தங்கையும் பிள்ளைகளும் நிறைந்த வீடும், அவருடைய நூல்களையே தின்னும் ஆடும் வருகின்றன. பிறர் நோயாளியைப் பார்க்கும்போது நோய் தெரிகிறது. நோயாளி பார்க்கும்போது உலகம் தெரிகிறது. தமிழில் கோபி கிருஷ்ணன் (1945–2003) மனநோயாளிகளின் குரல்களை உள்ளிருந்து கேட்க முயன்றதையும் நாம் நன்றியுடன் நினைக்கிறோம்.

இவ்வாராய்ச்சி நமக்கு எட்டாத் தொலைவிலுள்ள நூல்களைப் பற்றியதன்று. 2001 ஆகஸ்ட் 6ஆம் நாள் விடியலில், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் மனநல இல்லம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓடவியலாமல் 28 பேர் மாண்டனர். உச்ச நீதிமன்றம் தாமாகவே அவ்வழக்கைக் கையிலெடுத்தது. மனநோயாளிகளைச் சங்கிலியிடுவதை 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் தடைசெய்தது. அவர்களின் எண்ணிக்கையும் அவர்கள் இறந்த விதமும் ஆவணங்களில் உள்ளன. அவர்களுள் ஒருவர் எதை எண்ணி அஞ்சினார், எவர் குரலைக் கேட்டார், எந்தப் பாடலை மறவாதிருந்தார் என்பது எந்த ஆவணத்திலும் இருக்கவியலாது. வழக்கேடு செல்லாத அவ்விடத்திற்குச் செல்வதே கதையின் பணி.

நம் இளம் எழுத்தாளர்கள் மூளையின் விந்தைகளைத் தேடிப் பெருநகர மருத்துவ நூல்களைப் புரட்டட்டும், அதில் தவறில்லை. கூடவே, குர்ஆனை மனனம் செய்து வாழ்நாளெல்லாம் ஓதி, முதுமையில் பிள்ளைகளின் பெயர்களை மறந்தபின்னும் ஸூராக்களைப் பிழையின்றி ஓதும் மூத்தோரை அவர்கள் தம் தெருவிலேயே காணக்கூடும். அவர்களைப் பற்றி எழுதட்டும். எழுதுமுன், ரூமியின் ஹகீமைப் போன்று அறையிலிருந்து வேடிக்கை பார்ப்போரை வெளியேற்றட்டும். நாடியில் விரல் வைத்துக் கேட்டறிந்தது அமானிதம் என்பதை நினைவிற்கொள்ளட்டும். அந்த அமானிதத்தைப் பேணிய எழுத்தே திறனாய்வாளனின் பாராட்டுக்கு மட்டுமன்றி, அந்நோயாளியின் துஆவுக்கும் உரியதாகும்.